சரிபார்த்தவர்: பர்வீன்

ஸ்டெல்லா கண்ணு,

அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இல்லை, இங்கே மாதிரியே மூன்று மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, காய்ந்துபோன தோசையைப் பார்த்து, "இதை எலிக்குப் போட்டாக்கூட கேஸ் போடுவாங்க பர்வீன்" என்று சொல்லிக்கொண்டே முழுசாகத் தின்றுவிடுகிறாயா? நீ போனதிலிருந்து நான் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். காத்திருக்க ஆள் இல்லையே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷத் திருப்பலி. தேன்கனிக்கோட்டையிலிருந்து அந்தோணி அண்ணன் போன் பண்ணினார். "நினைவு அட்டை அடிக்கிறோம்மா. முன்பக்கம் போட்டோ. பின்பக்கத்துல நாலு வரி நீதான் எழுதித் தரணும். உன்னாட்டம் அவளை யாருக்குத் தெரியும்?" என்றார். உன் புருஷன் என்ன கேட்டாலும் நான் சரி என்று சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியும். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாலு வரியா? உன்னைத் திட்டுவதற்கே எனக்கு நாலு பக்கம் வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மூன்று மாதமாக உன்னைப் பற்றி நம் கட்டடத்தில் முணுமுணுத்தது இரண்டு மாடிக்கும் கேட்டது. அது தப்பு என்பதும் அதே அளவுக்குக் கேட்க வேண்டும்.

நம் வேலை என்னவென்று வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஓசூர் தொழிற்பேட்டையில், பம்பு செய்கிற கம்பெனிக்கும் பல்சக்கரம் வெட்டுகிற கம்பெனிக்கும் நடுவே, போர்டுகூடச் சரியாகத் தெரியாத இரண்டு மாடிக் கட்டடம் நம் லேப். மருந்துக் கம்பெனிகள் தங்கள் புது மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சுண்டெலியின் குடலைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது நீயும் நானும். பத்தொன்பது வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம்.

கடைசியாக நீ செய்த வேலை ஒரு புரதத்தைத் தேடுவது. ஈ-கேடெரின் என்று பெயர். ஒரு செல்லும் பக்கத்துச் செல்லும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கச் செய்கிற புரதம் அது. அதைக் கண்டுபிடித்துக் காட்ட ஒரு ஆன்டிபாடி உண்டு. எலியிடமிருந்து எடுத்தது, சுண்டெலியின் உடம்பில் அந்தப் புரதம் எங்கே இருந்தாலும் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் பச்சையாக ஒளிர்கிற இன்னொன்றை ஏற்றினால், மைக்ராஸ்கோப்பில் செல்லுக்குச் செல் ஓரமெல்லாம் பச்சைக் கோடு தெரியும். கோழிக் கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை மாதிரி இருக்கும்.

அந்த ஆன்டிபாடிக்கு நீ வைத்த பெயர் மாப்பிள்ளை. சுண்டுவிரல் நகம் நனைகிற அளவுதான் இருக்கும் அந்தக் குப்பியில், அதற்கு எத்தனை மரியாதை! ஐஸ்மேல்தான் உட்காருவார். குலுக்கினால் கோபம். ஒருமுறை உறைந்து இளகினால் முகம் கொடுக்கமாட்டார். "மாப்பிள்ளை வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்று நீ குப்பியைத் தூக்கி வரும்போது லேப்பை நடத்துகிற கோபி சார்கூடச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நீ ஏன் அந்த வேலையை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினாய் என்று யாருக்கும் புரியாது.

உன் மார்பில் கட்டி என்று பெங்களூரில் சதை எடுத்துப் பார்த்தார்களே, அந்த ரிப்போர்ட்டை நீ நேராக மேஜைக்குத்தான் கொண்டுவந்தாய். டாக்டர் சொல்வதற்கு முன்பே நீ படித்துவிட்டாய். ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாய். ஈ-கேடெரின் இல்லை என்று இருந்தது. அந்த வகைக் கட்டியில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை, தனித்தனியாகக் கழன்று போகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். "பாத்தியாடி, ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் இருக்குது, எனக்கு மட்டும் இல்லையாம்" என்று நீ சிரித்தாய். எனக்கு அன்றைக்கு உன்னை அறையலாம் போல இருந்தது. சிரிக்கிற விஷயமா அது?

ஆபரேஷன் முடிந்து, ஊசியெல்லாம் முடிந்து, தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்ததும் நீ திரும்பி வந்தாய். கோபி சார் உன்னைக் கம்ப்யூட்டர் வேலையில் உட்கார வைக்கப் பார்த்தார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "கேடெரின் வேலை வந்திருக்குதாமே, அதை எனக்குக் குடுங்க சார்" என்றாய். அப்புறம் என்னிடம் தனியாக, "என் உடம்புல இல்லாததை எலி உடம்புலயாவது கண்ணாரப் பாக்கறேன்" என்றாய். நான் சில்லுப் பெட்டியை உன் பக்கம் தள்ளினேன். இன்றுவரை தெரியவில்லை, என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நாலு மாதம் அந்த வேலையைச் செய்தாய். அப்படிப் படங்களை நம் லேப்பில் யாரும் எடுத்ததில்லை. கறுப்புத் திரையில் பச்சை வலை, ஒரு கண்ணிகூட அறுபடாமல். லேசாகக்கூட வேறு இடத்தில் பச்சை படியவில்லை. அதற்கப்புறம் உனக்கு இடுப்பு வலி வந்தது, படுத்தாய், ஆறு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

இனி உனக்குத் தெரியாத கதை.

நீ போய் சில மாதம் கழித்து, அந்த மருந்துக் கம்பெனி இரண்டாம் கட்டக் குடல் துண்டுகளை அனுப்பியது. வேலை எனக்கு வந்தது. அதே குப்பி, அதே எழுதி வைத்த முறை, வரிக்கு வரி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு. எங்கேயோ ரெண்டு புள்ளி மினுங்கியது, அது தூசி.

மறுபடி செய்தேன். இருட்டு. மாப்பிள்ளை கெட்டுப்போய்விட்டார் என்று புதுக் குப்பி வரவழைத்தோம். அதிலும் இருட்டு. சரி, சில்லுதான் கோளாறு போல என்று, நீ வேலை செய்த பழைய சில்லுகளின் ஜோடிச் சில்லுகளை, அதே குடலில் அடுத்துச் சீவி எடுத்துவைத்ததை, எடுத்துச் செய்தேன். உன் கையில் பளிச்சென்று எரிந்த அதே குடல், என் கையில் இருட்டு. அழுகை வந்துவிட்டது ஸ்டெல்லா. இத்தனை வருஷம் வேலை பார்த்தவள், நேற்று சேர்ந்தவள் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் பேச்சு மாறியது. என் கை சரியில்லை என்று ஆரம்பித்தவர்கள், உன் படம் சரிதானா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கோபி சார் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "பர்வீன், போனவங்களைப் பத்தி பேச எனக்கும் மனசில்லை. ஆனா யாரு செஞ்சாலும் வரமாட்டேங்குது, அவங்களுக்கு மட்டும் வந்திருக்குது. கம்ப்யூட்டர்ல ஏதாவது..."

"ஏதாவதுன்னா என்னா சார்?"

"வெளிச்சம் ஏத்தி, கோடு கீடு சரி பண்ணி..."

"அவளுக்குப் போன்ல ஒரு போட்டோவை ஒழுங்கா வெட்டத் தெரியாது சார். அவ போய் கோடு போட்டாளா?" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சார் பாவம், குரலைத் தாழ்த்திக்கொண்டார். உன் நாலு மாத வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எழுதிவிடலாம், காரணம் கேட்டால் பழைய குப்பி சந்தேகம் என்று சொல்லிவிடலாம், யார் பேரும் கெடாது என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் உன் பச்சை வலையெல்லாம் குப்பைக்குப் போகும். சொல்லாமல் விட்ட மிச்சத்தை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்வார்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தரம் பார்க்கிற நாகவேணி மேடம் உன் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் கர்நாடக எல்லை தாண்டி வருகிற அந்த அம்மா என்றால் உனக்கு எப்போதுமே பயம். எனக்கும்தான். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கையெழுத்து. செய்தவர்: ஸ்டெல்லா மேரி. சரிபார்த்தவர்: பர்வீன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோபம் வந்தால் வருகிற கன்னடத்தில், "நீவு நோடிதீரா?" என்றார். பிறகு தமிழிலும் கேட்டார். "நீங்க பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் அவங்க செய்யறப்போ பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்" என்றேன்.

பொய்தானே? நம் வெள்ளிக்கிழமையை அந்த அம்மாவுக்குத் தெரியுமா? வாரம் பூராவும் தாள் சேரும். வெள்ளிக்கிழமை டீ வந்ததும் நீ உன் கட்டைத் தள்ளுவாய், நான் என் கட்டைத் தள்ளுவேன். தேதி மட்டும் பார்த்து, டீ ஆறுவதற்குள் அறுபது கையெழுத்து. உனக்கு நான், எனக்கு நீ. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி; நின்று பார்ப்பது உன்மேல் சந்தேகப்படுகிற மாதிரி என்பது நம் நினைப்பு. "என்னை நம்பாம எட்டி எட்டிப் பாக்கறியா?" என்று நீதான் ஒருமுறை முழங்கையால் இடித்தாய். அதோடு நான் பார்ப்பதை விட்டேன். நம் தளத்தில் எல்லா மேஜையிலும் அப்படித்தான் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அன்றைக்கு மத்தியானம் புதுக் குப்பியோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். மாப்பிள்ளையின் ஜாதகம் என்பாயே, அந்தத் தாள். அதை யார் கடைசிவரை படிக்கிறார்கள்? கடைசிப் பத்திக்கு மேலே, எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கால்சியம் இருந்தால்தான் இந்தப் புரதம் தன் வடிவத்தில் நிற்கும், அந்த வடிவத்தைத்தான் இந்த ஆன்டிபாடி அடையாளம் காணும், கழுவுகிற தண்ணீரிலும் கால்சியம் இருக்கட்டும் என்று போட்டிருந்தது.

நம் கழுவும் கரைசலில் கால்சியம் கிடையாது. கீழ்த்தளத்தில் காய்ச்சி வடித்து, அவரவர் கேனில் மேலே தூக்கி வருகிற தண்ணீர், அதில் உப்பு. அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் கால்சியம் துளிகூட இருக்காது, அதற்காகத்தானே வடிக்கிறோம். அப்படியென்றால் எனக்கு இருட்டாக வருவதுதான் நியாயம். உனக்கு எப்படி வந்தது?

உன் அலமாரியை நான் அதுவரை திறக்கவில்லை. முடியவில்லை. உன் கைப்பட 'ஸ்டெல்லாவுடையது, தொட்டால் கை முறியும்' என்று எழுதி ஒட்டின தண்ணீர்ப் பாட்டில் அப்படியே இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடியிலும் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது.

அது என்னவென்று கண்டுபிடிக்க லேப் படிப்பு வேண்டுமா? எங்கள் ஊர் பேரிகையில், வீட்டு வெந்நீர் அண்டாவைக் கேட்டால் சொல்லும். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற பாத்திரம் எல்லாம் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் வெளுக்கும், சுண்ணாம்பு படிந்து. வடித்த தண்ணீர் பாட்டில் வருஷக்கணக்கானாலும் வெளுக்காது.

அடிப் பாவி! நீ குழாய்த் தண்ணியைப் பிடித்திருக்கிறாய்.

நம் மேஜைக் குழாயைத் திறந்து அந்தப் போர்வெல் தண்ணியைப் பிடித்தேன். உப்பைப் போட்டுக் கலக்கினேன். அதில் கழுவினேன். இன்னொரு பக்கம் வடித்த தண்ணீரில் அளந்து கால்சியம் போட்டு அதிலும் கழுவினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். இரண்டிலும் உன் வலை. பச்சைப் பசேல் என்று, ஒரு கண்ணிகூட அறுபடாமல். "வந்துட்டாடா என் தங்கம்" என்று நான் கத்தினதற்கு, கோபி சார் எலி புகுந்துவிட்டது என்று நினைத்து நாற்காலிமேல் ஏறிவிட்டாராம். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆக, நீ படம் வரையவில்லை. உன் வலை நிஜம். ஆனால் அந்தச் சந்தோஷம் மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. தாளில் நீ உன் கையால் 'வடித்த தண்ணீர்' என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு தாளிலும். ஏன் ஸ்டெல்லா? ஒரு சில்லு ஓரம் மடங்கினாலே அதை எழுதி வைக்கிற மனுஷி நீ. இதை மட்டும் ஏன் மறைத்தாய்?

எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். ஜவளகிரிப் பக்கமிருந்து யானை இறங்கியிருக்கிறது என்று வழியில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். உன் வீட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை. உன் மகள் ஜெனி பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுத்திருக்கிறாள், உன் மாதிரியே பேனாவைக் கடிக்கிறாள். அந்தோணி அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அவராகவே பேசினார்.

"உனக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கினே இருந்தேம்மா. செத்த வீட்ல சொல்ல முடியல."

"எதுக்குண்ணே?"

"தண்ணிக்குத்தான். ஆபரேஷன்ல கக்கத்துல நெறி கட்டியிருந்ததை எடுத்தாங்கல்ல, அதுக்கப்புறம் வலது கை வீங்கிக்கினே இருந்துச்சு. கனம் தூக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வீட்ல ஒரு குடம் எடுக்க விடமாட்டேன் நான். கம்பெனில ரெண்டு மாடி கேன் தூக்கணுமே, வேலைக்குப் போகாதேன்னு சண்டை போட்டேன். அதுக்கு அவ, 'நீ ஏன் பயப்படறே, அக்கா தூக்கித் தர்றாங்க'ன்னா. நாலு மாசம் நீ தூக்கினியே, கூடப் பொறந்தவகூடச் செய்ய மாட்டாம்மா."

எனக்கு டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "எந்த அக்கா?" என்று கேட்டேன், புத்திகெட்டுப்போய்.

"நீதாம்மா. வீட்ல உன்னை அக்கான்னுதான் சொல்லுவா. பேரு சொல்ல மாட்டா."

பத்தொன்பது வருஷமாக நமக்குள் நடந்த சண்டை அது. ஒரே வருஷம், ஒரே மாதம், நான் உனக்குப் பதினோரு நாள் மூத்தவள். அக்கான்னு கூப்பிடுடி என்பேன். "பதினோரு நாளுக்கெல்லாம் அக்காவா? போடி" என்பாய். ஒரு தடவைகூட என் காதில் விழக் கூப்பிட்டதில்லை. வீட்டில் கூப்பிட்டிருக்கிறாய். அதுவும் நான் செய்யாத வேலைக்கு.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உன் பஸ் என் பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் வரும். நான் மேலே வரும்போது உன் பாட்டில் நிறைந்திருக்கும். "அதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டியா? நல்லா தெம்பாயிட்ட போ" என்று நானே சொல்லியிருக்கிறேன். நீ சிரிப்பாய். லேப் ஏசிக் குளிரில் எல்லோரும் முழுக்கைச் சட்டை போடுவதால் உன் முழுக்கை எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. பேனாவை இடது கையால் திறப்பாய். மூடியைப் பல்லால் கடிப்பாய். மைக்ராஸ்கோப் திருகை இடது கையால் திருப்புவாய். இதெல்லாம் என் கண் முன்னால், ஒரு முழம் தள்ளி நடந்தது. நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?

கேட்டிருக்கலாமே நீ. ஒரு வார்த்தை. "பர்வீன், கை வரமாட்டேங்குதுடி." சுமந்திருப்பேனே. உன்னையும் சேர்த்துச் சுமந்திருப்பேன். கை முடியவில்லை என்று தெரிந்தால் சார் உன்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிடுவார் என்று பயந்தாயா? நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா? சொல்லியிருப்பேனோ? உன் நல்லதுக்கு என்று சொல்லியிருந்தாலும் இருப்பேன். எனக்கே தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குழாய்த் தண்ணியில்தான் வலை வருகிறது என்று உனக்குத் தெரியுமா, இல்லை தூக்க முடியாமல் பிடித்த தண்ணீர் தற்செயலாக உன்னைக் காப்பாற்றியதா? உன் நோட்டு பூராவும் தேடினேன். ஒரு வரி இல்லை. சிரிக்கிறாயா?

திங்கட்கிழமை நாகவேணி மேடத்திடம் போனேன். போவதற்கு முன் அரை நாள் பயந்தேன், அதை உன்னிடம் மறைப்பானேன். கால்சியத்தைப் போட்டேன், இப்போது வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் என் வேலை பத்திரம். ஆனால் உன் படம் எப்படி வந்தது என்பதற்குப் பதில் இருக்காது. உன்மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். குழாய்த் தண்ணீர் என்று சொன்னால் உன் படம் பிழைக்கும், ஆனால் தாளில் நீ தப்பாக எழுதியது வெளியே வரும். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் வரும். இந்த வேலையில் அதற்கு வீட்டுக்கு அனுப்பலாம். மேடத்தின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகு உள்ளே போனேன்.

வெளுத்த பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். இரண்டு படத்தையும் வைத்தேன். எல்லாம் சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன், மன்னித்துக்கொள். கடைசியில், "அன்னிக்கு நீங்க கேட்டீங்களே மேடம், பாத்தீங்களான்னு. நான் பாக்கல. ஒரு நாளும் பாக்கல" என்றேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பாட்டிலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஊரிலும் அதே தண்ணீர்தானே. "ஒரு கேன் தண்ணி" என்றார். "ஒரு கேன் தண்ணிக்கா இவ்வளவும்?" அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

என்ன ஆச்சு என்று கேட்பாய். கோபி சார் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு யார் தாளிலும் சரிபார்த்தவர் என்று நான் கையெழுத்துப் போடக் கூடாது. வேலை போகவில்லை. உன் சில்லுகளின் ஜோடிகள் எல்லாவற்றையும் கால்சியம் போட்டு மறுபடி செய்தோம், இந்த முறை நாகவேணி மேடமே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றும் உன் படத்தோடு ஒத்துப்போனது. மருந்துக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி அனுப்பினார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உன் படங்கள் ரிப்போர்ட்டில் உன் பேரோடு இருக்கின்றன. கீழே சின்ன எழுத்தில், தண்ணீர் முறைப்படி எடுக்கப்படவில்லை என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. அந்தக் குறிப்பும் உண்மைதானே கண்ணு, அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

முறை எழுதி வைத்த தாளில் கால்சியம் ஏறிவிட்டது. மேல்தளத்திலேயே வடிகட்டுகிற மெஷின் ஒன்று வைக்கப் போகிறார்களாம். இதை முன்னமே வைத்திருந்தால் என்ன கேடு என்று கேட்டேன். கோபி சார் தலையைக் குனிந்துகொண்டார். மெஷின் வருகிறவரை, திங்கட்கிழமை காலையில் எல்லா மேஜைக்கும் நானும் சாரும்தான் கேன் தூக்குகிறோம். பத்து லிட்டர், முப்பத்தெட்டுப் படி. எனக்கே மூச்சு வாங்குகிறது ஸ்டெல்லா. நீ அந்தப் படிக்கட்டை எத்தனை நாள் கீழே நின்று பார்த்தாயோ.

அந்தோணி அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவர் நன்றி சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நீ அவரிடம் சொன்னது பொய்யாகிவிடும். ஆனால் வாங்காத கடனுக்கு நன்றி வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இந்தக் கடிதத்தைத் திருப்பலிக்கு முன்னால் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அண்ணே, நான் ஒரு கேன்கூடத் தூக்கவில்லை. அவளும் தூக்கவில்லை, அதனால் பயப்படாதீங்க. அட்டைக்கு நாலு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகவே அவளைத் தெரிந்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆறு மாதம் கழித்து எனக்குக் கையெழுத்து உரிமை திரும்பி வரும். அப்போது என் எதிர்ப் பக்கம், உன் நாற்காலியில், யார் உட்கார்ந்திருந்தாலும், தாளைப் பார்ப்பதற்கு முன் அவர் கையைப் பார்ப்பேன். எட்டி எட்டிப் பார்க்கிறாளே என்று இடித்தாலும் பார்ப்பேன். நம்பாமல் இல்லை, அக்கா என்றால் பார்க்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கல்லறையில் ஊற்ற ஒரு குடம் தண்ணீர் நானே சுமந்துகொண்டு வருவேன். குழாய்த் தண்ணிதான்.

உனக்குப் பதினோரு நாள் மூத்த,
உன் அக்கா
பர்வீன்